நானோ தூண்களால் ஒளியின் போலரைசேஷனைக் கட்டுப்படுத்துவது: மெட்டாபரப்புக்குப் புதியவர்களுக்கு

ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய தூண்களை நெருக்கமாக வரிசையில் நிறுத்தி, ஒளியை வளைக்கவும் திருப்பவும் செய்கிற மெல்லிய பரப்புதான் மெட்டாபரப்பு. அதன் பேரைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் முதலில் சிமுலேஷன் மென்பொருளைத்தான் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கலர் கலராகப் படங்கள் வந்தன. எதைப் பார்த்து என்ன முடிவெடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. ஒரு நாள் இரண்டு போலரைசர் தாள்களையும் கொஞ்சம் செலோடேப்பையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். கையில் பிடிக்கும் தகடு முதலில், தூண் அப்புறம், மென்பொருள் அதற்கும் அப்புறம்.

முடிவில் நம் கையில் ஒரு கருவி இருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 532 நானோமீட்டர் பச்சை லேசர் விழும். வலப்பக்கம் சுழலும் ஒளி ஒரு திசையிலும் இடப்பக்கம் சுழலும் ஒளி எதிர்த்திசையிலும் பிரிந்து போகும். முதல் முயற்சிக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். கணக்கு சின்னது, தப்பு நடந்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளியின் மின்புலம் எப்படி ஆடுகிறது என்பதைப் பாடப்புத்தகம் 'தளவிளைவு' என்கிறது. மின்புலம் சுழன்றுகொண்டே போகும் ஒளிக்கு நிலையான தளமே கிடையாது, ஆகவே இந்த வேலையில் அந்தச் சொல் காலை இடறுகிறது. ஆய்வகத்தில் புழங்கும் 'போலரைசேஷன்' என்றே எழுதுகிறேன். சுழலும் திசைக்கு மட்டும் சங்குக்குச் சொல்கிற வலம்புரி, இடம்புரி போதும்.

மேசையில் ஆரம்பியுங்கள்

ஒரு எல்சிடி திரையை வெள்ளைப் பக்கத்தோடு எரியவிட்டு, அதன் முன் ஒரு போலரைசர் தாளைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். திரையிலிருந்து வரும் ஒளியின் மின்புலம் ஒரே கோட்டில் ஆடுகிறது. தாள் அதற்குச் செங்குத்தாக நிற்கும்போது எதையும் விடுவதில்லை. இடைப்பட்ட கோணங்களில் எவ்வளவு வரும் என்பதுதான் மாலஸ் விதி. கோணத்தின் கோசைனை எடுத்து வர்க்கமாக்கினால் விடை. 45 டிகிரியில் பாதி.

சரி, இருண்ட நிலையில் வைத்துக்கொண்டு, தாளுக்கும் திரைக்கும் நடுவே செலோடேப் ஒட்டிய ஒரு சாதாரணக் கண்ணாடியை நுழையுங்கள். எல்லா டேப்பும் ஒன்றுபோல் இருக்காது, ஆனால் பலவற்றில் இருட்டுக்கு நடுவே டேப் மட்டும் ஒளிரும். அடுக்கடுக்காக ஒட்டினால் நிறங்கள்கூட வரும். தயாரிப்பின்போது இழுக்கப்பட்ட பிளாஸ்டிக் அது. இழுத்த திசையில் ஆடும் ஒளிக்கும் குறுக்கே ஆடும் ஒளிக்கும் அதனுள் வேகம் வேறு. இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. வெளியே வரும்போது ஒன்று பின்தங்கியிருக்கிறது.

பின்தங்குவது கால் அலை என்றால் நேர்கோட்டில் ஆடிய ஒளி, தகட்டின் அச்சுக்கு 45 டிகிரியில் நுழைந்திருக்கும் பட்சத்தில், வட்டமாகச் சுழலும் ஒளியாகிவிடும். அது கால் அலைத் தகடு. அரை அலை பின்தங்கினால் நேர்கோட்டு ஒளி நேர்கோடாகவே இருக்கும், ஆனால் அச்சின் மறுபக்கத்துக்குச் சாய்ந்துவிடும். அது அரை அலைத் தகடு. தகட்டை 10 டிகிரி திருப்பினால் ஒளி 20 டிகிரி திரும்பும். இந்த 'இரண்டு மடங்கு' மறுபடி மறுபடி வரப்போகிறது, நினைவில் இருக்கட்டும்.

தகட்டைத் தூணாகச் சுருக்குவது

குவார்ட்ஸ் படிகத்தில் இரண்டு அச்சுகளின் ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 0.009 சொச்சம்தான். பச்சை ஒளிக்கு அரை அலை பின்தங்க வேண்டுமானால் ஏறக்குறைய 29 மைக்ரான் தடிமன் வேண்டும். அந்தத் தடிமன் முழுக்க ஒரே மாதிரி. இங்கே ஒரு அச்சு, பக்கத்தில் வேறு அச்சு என்று வைக்க வழியில்லை.

மெட்டாபரப்பில் படிகத்தின் வேலையை வடிவம் செய்கிறது. கண்ணாடி மேல் டைட்டானியம் டையாக்சைடில் ஒரு செவ்வகத் தூண் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 நா.மீ. நீளம், 95 நா.மீ. அகலம், 600 நா.மீ. உயரம். அந்தப் பொருளுக்குத் திசை பேதம் எதுவும் கிடையாது, ஒளிவிலகல் எண் எல்லாப் பக்கமும் 2.4 அளவில்தான். ஆனால் நீளப் பக்கமாக ஆடும் மின்புலம் தூணுக்குள் அதிகம் தங்குகிறது, குறுக்கே ஆடுவது வெளியே காற்றில் அதிகம் வழிகிறது. முதலாவது பின்தங்குகிறது. 600 நா.மீ. உயரத்துக்குள் அரை அலை வித்தியாசம் வர வேண்டுமானால் இரண்டு திசைகளும் உணரும் ஒளிவிலகல் எண்களுக்கு நடுவே சுமார் 0.44 இடைவெளி வேண்டும். குவார்ட்ஸைவிடக் கிட்டத்தட்ட 50 மடங்கு. செதுக்கிய வடிவத்தால் அது கிடைக்கிறது.

இந்த அளவுகளை நானாக எடுக்கவில்லை. ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாஸோவின் குழு 2016-இல் வெளியிட்ட மெட்டாலென்ஸில் (மெட்டாபரப்பால் ஆன லென்ஸ்) 532 நா.மீ. ஒளிக்கு இருந்த தூண் இதுதான். தூணுக்குத் தூண் மையத் தொலைவு 325 நா.மீ. புதியவர்கள் இதையே எடுத்துக்கொண்டு தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த 325-க்கு ஒரு காரணம் உண்டு. தூண்களின் இடைவெளி, கண்ணாடிக்குள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 532-ஐ கண்ணாடியின் 1.46-ஆல் வகுத்தால் 364. அதைத் தாண்டினால் வரிசை சாதாரணக் கீற்றணிபோல நடந்துகொண்டு, நீங்கள் கேட்காத திசைகளில் ஒளியைச் சிதறடிக்கும். வேறு நிறத்துக்கு வடிவமைக்கும்போது முதலில் போட வேண்டிய கணக்கு இது.

திருப்பினால் என்ன நடக்கிறது

இதுதான் முழு விஷயத்தின் மையம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

ஒரு தூணின் நடத்தையை மூன்று எண்கள் சொல்லிவிடும்: நீளப் பக்கத் தாமதம், குறுக்குப் பக்கத் தாமதம், தூண் திரும்பியிருக்கும் கோணம். முதல் இரண்டையும் தூணின் அளவு தீர்மானிக்கிறது. மூன்றாவது, வரையும்போது நாம் வைப்பது. இந்த மூன்றையும் கொண்டு இரண்டுக்கு இரண்டு ஜோன்ஸ் அணி ஒன்றை எழுதலாம். உள்ளே வரும் ஒளியை இரண்டு கலப்பெண்களாக எழுதி அணியால் பெருக்கினால் வெளியே போகும் ஒளி கிடைக்கும். பைத்தானில் பத்து வரி. சிமுலேஷனுக்கு முன்னால் இந்தப் பத்து வரியை நீங்களே எழுதுங்கள், யாரிடமும் வாங்காதீர்கள்.

எழுதிவிட்டு, இரண்டு தாமதங்களுக்கும் வித்தியாசம் 180 டிகிரி, அதாவது அரை அலை, என்று வைத்து, வலம்புரி ஒளியை உள்ளே விடுங்கள். வெளியே இடம்புரி வரும். இப்போது தூணைத் திருப்புங்கள். வருவது அதே இடம்புரிதான், பிரகாசமும் அதேதான், ஆனால் அதன் கட்டம், அதாவது அலை தன் ஆட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, மாறியிருக்கும். தூண் திரும்பிய கோணத்தைப் போல இரண்டு மடங்கு. தூணை 0-விலிருந்து 180 டிகிரி வரை திருப்பினால் கட்டம் ஒரு முழுச் சுற்று. தூணின் அளவில் ஒரு நானோமீட்டர்கூட மாற்றவில்லை, வெறுமனே திருப்பியிருக்கிறோம்.

போலரைசேஷன் நிலைகளை ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம். ஒளியின் நிலை அந்தக் கோளத்தின் மேல் பயணம் செய்து திரும்பும்போது இப்படி ஒரு கட்டம் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1956-இல் எழுதியவர் பெங்களூரில் இருந்த எஸ். பஞ்சரத்னம். குவாண்டம் இயற்பியலில் மைக்கேல் பெரி 1984-இல் பொதுவாக நிறுவிய கட்டத்துக்கு ஒளியியலில் இது முன்னோடி என்று பெரியே பின்னால் எழுதினார். அதனால்தான் துறையில் 'பஞ்சரத்னம்–பெரி கட்டம்' என்கிறார்கள்.

நம் கருவிக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்துத் தூணை 22.5 டிகிரி கூடுதலாகத் திருப்பி வைத்துக்கொண்டே போகிறோம். கட்டம் தூணுக்கு 45 டிகிரி ஏறும். எட்டுத் தூணில் ஒரு முழுச் சுற்று, பிறகு அதே எட்டு மறுபடி. எட்டு 325-கள் 2600 நா.மீ. கட்டம் இப்படிச் சரிவாக ஏறினால் ஒளி சாய்ந்து வெளியேறும். 532-ஐ 2600-ஆல் வகுத்து சைன் தலைகீழ் எடுத்தால் 11.8 டிகிரி. இடம்புரி உள்ளே வந்தால் கட்டத்தின் குறி மாறிவிடும், ஒளி எதிர்ப்பக்கம் 11.8 டிகிரியில் போகும். நேர்கோட்டு ஒளி என்பது இரண்டும் சம அளவில் கலந்தது, அது இரண்டாகப் பிரியும். 10 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 2.1 செ.மீ. தொலைவில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

இந்தக் கட்டம் நிறத்தைச் சார்ந்ததல்ல என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சாயும் கோணம் நிறத்தோடு மாறும், சிவப்பு 660 நா.மீ. என்றால் 14.7 டிகிரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'எல்லா நிறத்துக்கும் வேலை செய்யும் லென்ஸ்' என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாமத வித்தியாசம் சரியாக 180 வராவிட்டால்? பயப்பட வேண்டாம். மாறும் ஒளியின் பங்கு, வித்தியாசத்தில் பாதியின் சைன் வர்க்கம். 160 டிகிரி வந்தாலும் 97 சதவீதம் மாறிவிடும். 120 என்றால் 75. மாறாத மிச்சம் சாயாமல் நேரே போய் நடுவில் ஒரு புள்ளியாக விழும். அதாவது பிழை பிரகாசத்தைத்தான் தின்னும், திசையைக் கெடுக்காது. முதல் முயற்சிக்கு இந்தக் கருவியைச் சொன்னதற்கு இதுதான் உண்மையான காரணம்.

வெறும் திருப்பலுக்கு ஒரு எல்லை உண்டு. வலம்புரிக்குக் கிடைக்கும் கட்டத்தின் நேர் எதிர்தான் இடம்புரிக்குக் கிடைக்கும். ஒன்றைக் குவிக்கும் லென்ஸ் மற்றதை விரிக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டுமென்றால் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டும். உதாரணமாக ஒன்றுக்கு 90 டிகிரியும் மற்றதற்கு 30 டிகிரியும் தர வேண்டும். கூட்டிப் பாதியாக்கினால் 60, அது நீளப் பக்கத் தாமதம். குறுக்குப் பக்கம் அதிலிருந்து 180 தள்ளி. கழித்துக் காலாக்கினால் 15 டிகிரி, அது திருப்பு கோணம். 60-உடன் 15-இன் இரண்டு மடங்கைக் கூட்டினால் 90, கழித்தால் 30. சரியாக வருகிறது. இந்த வழியைக் கப்பாஸோ குழு 2017-இல் பொதுமைப்படுத்தியது. நீள்வட்டத் தூண்களால் கட்டத்தையும் போலரைசேஷனையும் ஒன்றாகக் கட்டுப்படுத்துவதை கால்டெக்கில் ஆந்த்ரே ஃபராவோன் குழு 2015-இலேயே செய்து காட்டியிருந்தது. அது இரண்டாவது கருவிக்கு.

மென்பொருளைத் திறக்கலாம்

ஒரே ஒரு தூணை, சுற்றிலும் அதே தூண் முடிவில்லாமல் இருப்பதாகப் பாவித்துக் கணக்கிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மீப் போதும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளுக்கு அலைகளைக் கூட்டிக் கணக்கிடும் எஸ்ஃபோர், ரெட்டிகோலோ போன்றவை இன்னும் வேகம். ஒளியைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து விடுங்கள். நீளவாக்கில் ஆடும் ஒளிக்கு ஒரு தடவை, குறுக்கே ஆடுவதற்கு ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு கடந்தது, கட்டம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீளத்தையும் அகலத்தையும் 60 முதல் 270 நா.மீ. வரை பத்துப் பத்தாக மாற்றிப் பெரிய அட்டவணை போடும்போது ஒரு குறுக்குவழி உண்டு. 250-க்கு 95 தூணில் குறுக்குப் பக்கம் காண்பதும், 95-க்கு 250 தூணில் நீளப் பக்கம் காண்பதும் ஒன்றுதான். ஒரு திசைக்கு மட்டும் முழு அட்டவணை போட்டு, வரிசையையும் நிரலையும் மாற்றினால் மற்றது தானாக வந்துவிடும். பாதி நேரம் மிச்சம்.

அட்டவணையில் இரண்டு திசையும் ஏறக்குறைய ஒரே அளவு கடந்து, கட்ட வித்தியாசம் 180-ஐ ஒட்டி வரும் இடங்களைத் தேடுங்கள். சுற்றிலும் 10 நா.மீ. நகர்ந்தாலும் எண்கள் அதிகம் மாறாத இடமாகப் பாருங்கள். அட்டவணையின் உச்சியில் ஊசி முனைபோல ஒரு 99 சதவீதம் இருக்கும், அது வேண்டாம். தயாரிப்பில் அந்த முனையில் யாரும் நின்றதில்லை.

அப்புறம் தேர்ந்தெடுத்த தூணை 22.5, 45 டிகிரி திருப்பியும் ஓட்டிப் பாருங்கள். திருப்பும்போது பக்கத்துத் தூணோடு உறவு மாறும். எண்கள் லேசாக அசையும். நிறைய அசைந்தால் தூண்கள் மிக நெருக்கம் என்று பொருள். நம் தூணின் மூலைவிட்டம் 267 நா.மீ., ஆகவே எப்படித் திருப்பினாலும் 57 நா.மீ. இடைவெளியாவது இருக்கும்.

கட்டத்தின் குறி எந்தப் பக்கம் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். உங்கள் பத்து வரிப் பைத்தானும் மென்பொருளும் வலம்புரி என்று ஒன்றையேதான் சொல்கின்றனவா என்பதைத் தெரிந்த ஒரு கால் அலைத் தகட்டை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

வரைபடமும் தயாரிப்பும்

100 மைக்ரான் சதுரத்தில் ஏறக்குறைய 95 ஆயிரம் தூண்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தால் கோப்பு ஊதிப்போய்விடும். எட்டுத் தூண்களை ஒரு செல்லாக வரைந்து, அதையே திரும்பத் திரும்ப அழைப்பதுபோல எழுதுங்கள்.

ஒரே துண்டில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேருங்கள். ஒன்று, எல்லாத் தூணும் ஒரே திசையில் நிற்கும் ஒரு சதுரம். இரண்டு, அதற்கும் பிரிக்கும் சதுரத்துக்கும், தூணின் நீள அகலத்தை 20 குறைத்து, 10 குறைத்து, உள்ளபடி, 10 கூட்டி, 20 கூட்டி என்று ஐந்து பிரதிகள். எழுதும் எலக்ட்ரான் கற்றையின் அளவு கொஞ்சம் கூடினாலே தூண் பத்து நா.மீ. பெருத்துவிடும். ஐந்தில் ஒன்று பொருந்தும்.

தயாரிப்பு சுத்த அறையில் நடக்கும், பெரும்பாலும் வேறொருவர் செய்வார். ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி மேல் 600 நா.மீ. தடிமனுக்கு ரெசிஸ்ட் (எலக்ட்ரான் பட்ட இடம் மட்டும் கரைந்துபோகும் பூச்சு) பூசி, எலக்ட்ரான் கற்றையால் தூண் வடிவில் குழிகள் எழுதுகிறார்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, எலக்ட்ரான்கள் தேங்கி வரைபடம் கோணும், அதனால் மேலே கடத்தும் படலம் ஒன்று அவசியம். பிறகு அணு அடுக்கு அடுக்காக டைட்டானியம் டையாக்சைடை வளர்க்கிறார்கள். குழியின் இரண்டு சுவர்களிலிருந்தும் வளர்ந்து நடுவில் சேர வேண்டும், ஆகவே 95 நா.மீ. அகலத்துக்கு 48 நா.மீ. படலமாவது தேவை. மேலே படிந்ததை அரித்து எடுத்து, ரெசிஸ்ட்டை நீக்கினால் தூண்கள் மட்டும் நிற்கும். அகச்சிவப்பில் வேலை செய்பவர்கள் சிலிக்கான் படலத்தை நேரே செதுக்கிவிடுவார்கள், அது இதைவிட எளிது.

அளக்கும் மேசை

லேசர் ஒரு மில்லிவாட் போதும். கண்ணுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசர், போலரைசர், கால் அலைத் தகடு, மென்மையாகக் குவிக்கும் ஒரு லென்ஸ், நம் துண்டு, வெள்ளைத் தாள். வரிசை இவ்வளவுதான்.

முதலில் துண்டு இல்லாமல், கால் அலைத் தகட்டை 45 டிகிரியில் வைத்து, பின்னால் இன்னொரு போலரைசரைச் சுற்றிப் பாருங்கள். ஒளியை அளக்கும் மானியில் எண் மாறாமல் இருந்தால் வட்டம் நன்றாக இருக்கிறது. இன்னொரு போலரைசர் இல்லையா? தகட்டுக்குப் பின்னால் ஒரு முகக்கண்ணாடியை வையுங்கள். திரும்பி வரும் ஒளியின் சுழற்சி மாறிவிடுவதால் முதல் போலரைசரே அதைத் தடுத்துவிடும். திரும்பி வரும் புள்ளி மறையும்வரை தகட்டைத் திருப்பினால் போதும்.

அடுத்து, பிரிக்கும் சதுரத்துக்குப் போகாதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும். கால் அலைத் தகட்டை எடுத்துவிட்டு, எல்லாத் தூணும் ஒரே திசையில் நிற்கும் சதுரத்தில் நேர்கோட்டு ஒளியைத் தூணுக்கு 45 டிகிரியில் விடுங்கள். அரை அலைத் தகடாக வேலை செய்தால் ஒளி 90 டிகிரி திரும்பி வர வேண்டும். திரும்பியது 90 பங்கு, திரும்பாதது 10 பங்கு என்று வந்தால் தாமத வித்தியாசம் 143 டிகிரி, அல்லது மறுபக்கம் 217. எது என்று ஒரு பிரதியை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் 10 நா.மீ. பெருத்த பிரதியிலும் மெலிந்த பிரதியிலும் அளந்து, எந்தப் பக்கம் திரும்பாத பங்கு குறைகிறது என்று பாருங்கள். ஐந்து பிரதிகள் போட்டதன் பலன் இங்கே தெரியும்.

இப்போது அந்தப் பிரதிக்குரிய பிரிக்கும் சதுரம். கால் அலைத் தகட்டை மறுபடி வைத்து, ஒளிப்புள்ளி சதுரத்துக்குள் முழுவதும் அடங்கும்படி, 50 மைக்ரான் அளவில், குவியுங்கள். சதுரத்தை விட்டு வழிந்த ஒளி நேரே போய் நடுப்புள்ளியில் சேர்ந்துகொண்டு, கருவி மோசம் என்று பொய் சொல்லும். திறனைச் சொல்லும்போது, ஒரு பக்கப் புள்ளியின் அளவை வெறும் கண்ணாடி வழியாக வந்த மொத்தத்தால் வகுத்தீர்களா, மூன்று புள்ளிகளின் கூட்டுத்தொகையால் வகுத்தீர்களா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாவது எப்போதும் அழகாக இருக்கும்.

கால் அலைத் தகட்டை ஒரு 45-இலிருந்து எதிர் 45-க்கு மெல்லத் திருப்புங்கள். ஒரு பக்கப் புள்ளி மங்கும், மறுபக்கம் எழும், நடுவழியில் இரண்டும் சமமாக இருக்கும்.

எனக்கு முதல் தடவை அவை தவறான பக்கத்தில் எழுந்தன. குறிப் பிழை என்று மூன்று நாள் கணக்கைத் தோண்டினேன். கடைசியில் பார்த்தால் துண்டைத் தாங்கியில் 180 டிகிரி திருப்பி வைத்திருந்தேன். சதுரமான கண்ணாடி, எல்லா மூலையும் ஒரே மாதிரி. தலைகீழாகக் கவிழ்ப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கட்டம் ஏறும் திசையையே அச்சாக வைத்துக் கவிழ்த்தால் பக்கங்கள் மாறும், அதற்குக் குறுக்கான அச்சில் கவிழ்த்தால் மாறாது. இரண்டாவதில் தப்பு வெளியே தெரியவே தெரியாது. அதிலிருந்து எந்தத் துண்டாக இருந்தாலும் மூலையில், வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவில், ஒரு 'ழ' வரைந்துவிடுகிறேன். எப்படிக் கவிழ்த்தாலும் திருப்பினாலும் அது தன்னைப்போல் இருக்காது.